புண்பட்டவள் சொன்ன சாட்சி

ஐயா,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததையும், கோர்ட்டுக் கச்சேரிக்குப் பக்கத்திலேயே வீடு அமைந்துவிட்டதையும் எழுதியிருந்தாய். சந்தோஷம். நம் குடும்பத்தில் மாஜிஸ்திரேட் நாற்காலியில் உட்காருகிற முதல் ஆள் நீ. உன் அப்பா அதைத் தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துச் சொல்லிவிடுகிறார். பால்காரன்கூட இப்போது என்னை "சப் மாஜிஸ்திரேட் அம்மா" என்கிறான். எனக்கும் அது கசக்கவில்லை.

ஆனால் நீ புறப்பட்ட அன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்ன ஒரு பேச்சு என் மனசை விட்டுப் போகவில்லை. உனக்குக் கொடுத்திருக்கிற ஊரில் யாரோ சில ஆட்கள் சந்தைப்பேட்டையில் கூட்டம் போட்டு, கோயில் வழக்கங்களையெல்லாம் ஏசிப் பேசுகிறார்களாம். "நான் போனதும் மொத வேலை அந்த வாயை அடைக்கிறதுதாம்மா. பெரியப்பா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பாக" என்றாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பாதிச் சாப்பாட்டில் உன்னோடு வழக்காட எனக்கு மனசில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். பெரியப்பா என்ன செய்தார் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது நீ களக்காட்டில் உன் மாமா வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். பிற்பாடு அவர் இருக்கும்வரை அதைப் பற்றிப் பேசினால் அவருக்கு வெட்கமாயிருக்கும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அவர் பெயரைச் சொல்லி நீ உத்தரவு போடுவதாயிருந்தால், அவர் கதை முழுவதையும் தெரிந்துகொண்டு போடு.

நாம் அப்போது டவுன் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய தெருவில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். பெரியப்பாதான் வீட்டுக்கு மூத்தவர். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. முந்தின வருஷம் பேதியில் உன் தங்கை போய்விட்டாள். மூன்று நாள் அவள் கண் திறக்காமல் கிடந்தபோது, ஆற்றங்கரைச் சிவன் கோயிலில் பால் அபிஷேகம் செய்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அவள் பிழைக்கவில்லை. ஆனாலும் நேர்ந்ததை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். பிள்ளையே போன பிறகு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கே அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது. அவளுக்குச் செய்ய எனக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

நான் குளிக்கப் போகிற பெண்கள் படித்துறைக்கு ஞானப்பூ என்றொரு அம்மாள் வருவாள். பாளையங்கோட்டை மிஷனைச் சேர்ந்தவள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, தங்கள் வேதத்தையும் சொல்லுகிற வேலை. உபதேசியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பிறந்த இடம் உடன்குடிப் பக்கம், பனையேறுகிற குடும்பம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்து, மருத மரத்தடியில் உட்கார்ந்து, துணி துவைக்கிறவர்களிடமும் குளிக்கிறவர்களிடமும் பேசுவாள். குரல் கொஞ்சம் கரகரவென்றிருக்கும். யாராவது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாலும் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பால் செம்போடு படியேறினேன். அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "கல்லுக்குப் பால் ஊத்துதீய. அந்தா, வண்ணாத்தி பிள்ளை பசியில அழுது கெடக்கு. கல்லு குடிச்சதை நீங்க கண்டீயளா? ஊத்துன பால் சாக்கடையில ஓடுது, பிள்ளை வயிறு காயுது." சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் நேர்ச்சை எதற்கென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் கத்தியைச் சொருகின இடம் சரியாக அதுதான். கோயிலுக்குப் போய்ப் பாலைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் சோறு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை.

அடுத்த தடவை அவள் வந்தபோது நான் அவளுக்கு முன்னாலேயே போய் மரத்தடியில் நின்றேன். "உபதேசியம்மா, கல்லு பால் குடிக்காதுன்னு எனக்கும் தெரியும். என் பிள்ளை பேதியில போயிட்டா. அவளுக்காக நேந்த பால் அது. நீங்க முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதீயளே, உங்க தெருவுல பேதி வரலியா? உங்க சாமி வந்து தடுத்தாரா?" என்று கேட்டேன். பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஞானப்பூ, "வந்துச்சு, தாயி. என் மூத்த மகனைக் கொண்டுட்டுப் போச்சு. நானும் ஜெபம் பண்ணத்தான் செஞ்சேன்" என்றாள். அவள் மடியில் கட்டியிருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து, அழுதுகொண்டிருந்த அந்த வண்ணாத்தி பிள்ளைக்குக் கொடுத்தாள். நான் என் செம்பிலிருந்து அதுக்கு ஒரு வாய் பால் ஊற்றிவிட்டு, மீதியைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

எனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு அதோடு நேராகிவிட்டது. நான் அவள் மதத்துக்குப் போகவும் இல்லை, அவள் என் மதத்துக்கு வரவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் அவள் ஒன்று கேட்பாள், நான் ஒன்று சொல்வேன். என்னால் முடியாவிட்டால் இன்னொருத்தி சொல்வாள். துணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே மோட்சமும் பிறவியும் பேச்சாக ஓடும். இத்தனை வருஷம் கோயிலுக்குப் போயும் என் சாமியைப் பற்றி நான் யோசித்துப் பார்த்ததெல்லாம் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டி யோசித்ததுதான்.

பேச்சு படித்துறையிலிருந்து கடைத்தெருவுக்குப் போகிறதற்குள் வேறு உருவம் எடுத்துவிட்டது. அவள் கோயிலைப் பார்த்துக் காறித் துப்பினாளாம். அம்பாளைச் சொல்லக் கூடாத வார்த்தை சொன்னாளாம். நம் வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து முழங்கால் போடச் சொன்னாளாம். பெரியப்பா படித்துறைப் பக்கமே போனவரில்லை. மண்டிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது யாரோ சொல்ல, அங்கிருந்தே நேரே வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டார். மத நிந்தனை என்று ஞானப்பூ பேரில் பிராது. அந்தப் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்ததாக ரெண்டு ஆட்கள் சாட்சி. தண்டனை கிடைத்தால் அவளுக்கு ஜெயில், வேலையும் போகும். இனி எந்த உபதேசியம்மாளும் பாலத்தைத் தாண்டி வரக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பரிமாறும்போது நான் கேட்டேன்: "அத்தான், அவ துப்பவும் இல்ல, அம்பாளை ஒண்ணும் சொல்லவும் இல்ல. நான் அங்கனதான் இருந்தேன்."

"கல்லுன்னு சொன்னாளா இல்லியா?"

"சொன்னா."

"அது போதும். நம்ம சாமியைக் கல்லுன்னு சொல்லுத வாயி இந்தக் கரையில இருக்கக் கூடாது. பனையேறிக் குடும்பத்துல பொறந்தவ வந்து நமக்குப் புத்தி சொல்லுதாளோ?" என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஐயா, உன் பெரியப்பா கெட்டவரில்லை. பேதி வந்த வருஷம் தெருவில் பிணம் தூக்க ஆளில்லாமல் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டபோது, சாதி பார்க்காமல் தோள் கொடுத்தவர் அவர். ஆனால் தான் நேசிக்கிறதை யாராவது குறை சொன்னால் அவருக்குக் கண் தெரியாது. உனக்கும் அந்தக் குணம் கொஞ்சம் வந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ரெண்டு நாள் யோசித்துவிட்டு உன் அப்பாவிடம், நான் கோர்ட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். நம் வீட்டுப் பெண்கள் கச்சேரி வாசலை மிதித்ததில்லை. அதுவும் வீட்டுக்கு மூத்தவர் கொடுத்த பிராதுக்கு எதிராக. உன் அப்பா வெற்றிலையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அவ சொன்னது ஒனக்கு வருத்தமா இல்லியா?" என்று கேட்டார். "இருக்கு. இப்பவும் இருக்கு" என்றேன். "பெறகு ஏன்?" என்றார். "நடக்காததை நடந்ததா சொல்லி ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்பினா, என் பிள்ளைக்காக ஊத்துன பாலெல்லாம் எதுக்கு?" என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, "காலையில வண்டி பூட்டச் சொல்லியிருக்கேன். நானும் கூட வாரேன்" என்றார். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்ன நாட்களில் அது ஒன்று.

கோர்ட்டில் கூட்டம் தாங்கவில்லை. டவுனிலிருந்து ஒரு கூட்டம், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கூட்டம். ஞானப்பூ வெள்ளைச் சேலையில் கைகட்டி நின்றாள். பெரியப்பா முன் வரிசையில். நான் கூண்டில் ஏறினதைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்துப்போனது. பேச ஆரம்பித்ததும் வார்த்தை தானாக வந்தது; படித்துறையில் பேசிப் பழகின வாய் அல்லவா.

ஞானப்பூ சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கல் என்றதையும் சொன்னேன், சாக்கடை என்றதையும் சொன்னேன். ஆண்கள் படித்துறை மண்டபத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, மழை பெய்து ஆறு இரைந்து ஓடுகிற காலத்தில் இங்கே பேசுவது அங்கே கேட்காது என்றும் சொன்னேன். சாட்சி சொன்ன ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பெரியப்பாவின் வக்கீல் எழுந்தார். "அந்தப் பேச்சு உங்கள் மனத்தைப் புண்படுத்தியதா, இல்லையா?"

"புண்படுத்துச்சு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல ஆகிவிட்டது. "பிறகு எதற்கு அவளுக்காகச் சாட்சி சொல்ல வந்தீர்கள்?"

"புண்பட்டது நான். பிராது கொடுத்தது எங்க அத்தான். ஜெயில்ல போடணும்னு எனக்குத் தோணியிருந்தா நானே கொடுத்திருப்பேன். எனக்கு வாயிருக்கு, நான் பதில் கொடுத்தேன்."

"இப்படி ஆளாளுக்குப் பேச விட்டால் நாளைக்கு நம் மதம் நிற்குமா, அம்மா?"

"அந்த அம்மா மரத்தடியில ஒக்காந்து நாலு வார்த்தை பேசுனா எங்க ஈசுவரன் விழுந்துருவாருன்னு நீங்க நெனைக்கிறீங்க. நான் அப்படி நெனைக்கல."

பின்னால் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டி அடக்கினார். அப்புறம் அவரே என்னைக் கேட்டார்: "எது பேசினாலும் சரி என்கிறீர்களா?" "இல்லீங்க. கோயிலை இடிங்கன்னோ, யாரையாவது அடிங்கன்னோ சொல்லியிருந்தா நான் வேற சாட்சி சொல்லியிருப்பேன். கை ஓங்குறது வேற. கேள்வி கேக்கிறது வேற" என்றேன். அவர் குமாஸ்தாவைப் பார்த்து, இந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுது என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பிராது தள்ளுபடியாகிவிட்டது. நீ இப்போது உட்காருவது அதே மாதிரி ஒரு நாற்காலி, ஐயா. சந்தைப்பேட்டை ஆட்களைப் பற்றிப் பிராது வந்தால் நீயும் முதலில் அதைத்தான் கேள்: கை ஓங்கினானா, கேள்வி கேட்டானா? கொண்டுவந்தவன் காதால் கேட்டானா, கடைத்தெருவில் கேட்டானா?

வெளியே வந்தபோது ஞானப்பூ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, வெள்ளிக்கிழமை வருவேன். ஆனா கல்லு கல்லுதான்" என்றாள். "வாங்க. பதில் வச்சிருக்கேன்" என்றேன். சுற்றி நின்றவர்களுக்கு நாங்கள் சண்டை போடுகிறோமா சிரிக்கிறோமா என்று விளங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை படித்துறையில் நிற்க இடமில்லை. வராத பெண்களெல்லாம் வந்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் ஞானப்பூவிடமே எழுத்துப் படித்து, அவளுக்கே பதில் சொல்லக் கிளம்பினார்கள். அவளுக்கு அதில் கோபமில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

பெரியப்பா மட்டும் என்னோடு பேசவில்லை. நான் பரிமாறினால் இலையை விட்டு எழுந்துவிடுவார். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் உன் அப்பாவிடம், "கோர்ட்டுல வாயிருக்குன்னு சொன்னாள்லா. எனக்கும் வாயிருக்கு. அவுக ஊருலயே போய்ப் பேசுதேன்" என்று சொல்லிவிட்டு, ஓதுவாரைக் கூட வைத்துக்கொண்டு இரவும் பகலும் படித்தார். சந்தை கூடுகிற நாளில் பாளையங்கோட்டைக்குப் போய், சர்ச்சுக்குப் போகிற பாதையில் ஒரு வண்டி மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தார். உன் அப்பா பயந்துபோய்க் கூடவே போனார். அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். கையில் சாணியும் கல்லும். "எறக்குங்கலே அந்த ஆளை!" என்று கூச்சல். பெரியப்பா நிறுத்தவில்லை. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஞானப்பூ வந்தாள். வந்து, வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஏலே, கையில இருக்கிறதைக் கீழ போடுங்க."

"அவரு நம்ம ஆண்டவரை ஏசுதாரு, அத்தை!" என்றான் ஒருத்தன்.

"ஏசட்டும். ஒனக்கு வாயில்லியா? எனக்காவ இவுக வீட்டு அம்மா கூண்டுல ஏறி நின்னா. இவரை நான் பேச விடாம அனுப்பினா, அந்தத் தாயி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவரு பேசி முடிக்கட்டும். பெறகு நான் கேப்பேன்" என்றாள்.

கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. சாணியை ஒருத்தன் பைய வேலிப் பக்கம் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். பெரியப்பா பேசினார். பிரமாதமாகப் பேசினாராம். சைவத்தைப் பற்றி அப்படி ஒரு பேச்சை அந்தச் சந்தை கேட்டிருக்காது என்றார் உன் அப்பா. எல்லா உயிருக்கும் ஒரே அப்பன், புழுவுக்கும் அவன்தான் அப்பன் என்று முடித்தபோது, கல்லோடு வந்தவர்களே வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து, கால் கழுவாமல் நேரே அடுக்களை வாசலில் வந்து நின்றார். கோர்ட்டுக்குப் பிறகு அன்றுதான் என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, அந்த ஞானப்பூ ஒரு கேள்வி கேட்டா."

"என்ன கேட்டா, அத்தான்?"

"எல்லா உயிருக்கும் ஒங்க சாமி அப்பன்னு சொன்னீய, அப்ப அப்பன் வீட்டு வாசலுக்குள்ள என்னை ஏன் விட மாட்டேங்கிய, நான் பொறந்த சாதிக்காரங்க ஏன் வெளியவே நிக்கணும்னு கேட்டா." அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் தோணல. அடுத்த சந்தையில பதில் சொல்லுதேன்னுட்டு வந்துட்டேன். நீ அவகூடப் பேசிப் பழகினவ. என்ன பதில் சொல்லணும்?"

"எங்கிட்டயும் பதில் இல்ல, அத்தான்" என்றேன்.

அவர் போய்க் கால் கழுவிவிட்டு வந்தார். பிறகு உட்கார்ந்து, "சோறு போடு" என்றார். நான் போட்டேன். இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அடுத்த சந்தைக்கு அவர் மறுபடி போனார். இந்தத் தடவை நானும் ஞானப்பூவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பாலத்துக்கு இந்தப் பக்கத்துச் சனமும் அந்தப் பக்கத்துச் சனமும் கலந்து நின்ற கூட்டம் அது. மேலப்பாளையத்து மரைக்காயர்கள் சிலரும் வந்திருந்தார்கள். உன் பெரியப்பா வண்டி மேல் ஏறினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். வீட்டில் என்னைத் தவிர யாரும் எதிர்த்துப் பேசியிராத அந்த மனுஷன், அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னார்:

"போன சந்தையில இந்த அம்மா கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. கேள்வி நியாயமானது. என் ஆட்கள் பதில் சொல்ல வேண்டியது. நானும் அவங்களைக் கேக்கப் போறேன்."

முதலில் கை தட்டினவன், போன வாரம் சாணி வைத்திருந்தவன். ஞானப்பூ என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, ஐயா. தலையை நிமிர்த்திக்கொண்டு, அது எங்க அத்தானாக்கும் என்று பக்கத்தில் நின்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் குதிரையேறாதே.

உன்
அம்மா